என் இடது கையும் அம்மாவின் தீச்சட்டியும்

ஜப்பானில் கடலோரச் சிற்றூர் ஒன்றில், பெரிய லீக்குகளின் கண்ணில் படாத ஒரு பேஸ்பால் கிளப்பில் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அங்கே என் வேலை ஒரே ஒரு ஆளை ஆட்டமிழக்க வைப்பது. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எதிரணியின் இடது கை மட்டையாளர் யாராவது வந்து நிற்பார். அப்போது என்னைக் கூப்பிடுவார்கள். இடது கைக்காரன் எறியும் பந்து அவருக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல வந்து எட்டாத இடத்துக்கு நழுவிப் போகும். நான் ஓடிப்போய் நாலைந்து பந்து எறிவேன். அவர் ஆட்டமிழந்தாலும் சரி, என்னை வெளுத்து வாங்கினாலும் சரி, பயிற்சியாளர் வந்து என் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்வார். நான் வியர்க்காத சட்டையோடு பெஞ்சுக்குத் திரும்புவேன். அடுத்து வருபவர் வலது கைக்காரராக இருப்பார். அவருக்கு வேறு ஆள் வைத்திருந்தார்கள்.

இந்தப் பிழைப்பை ரங்கூனில் எங்கள் பேட்டையான தாமுவேயில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. லீவுக்கு ஊருக்கு வந்தால் எங்கள் மாடியில் குடியிருப்பவர்கள், "எத்தனை விக்கெட் எடுத்தே?" என்று விசாரிப்பார்கள். விக்கெட் வேறு ஆட்டம் என்று விளக்குவேன். அடுத்த வருஷமும் அதையே கேட்பார்கள். அம்மா தன் பங்குக்கு, "என் மகன் ஜப்பான்ல பந்து கம்பெனியில இருக்கான்" என்று சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பந்து தைக்கிற வேலை என்று பலரும் நினைத்துக்கொண்டார்கள். இரண்டொரு தரம் திருத்திப் பார்த்துவிட்டு நானும் விட்டுவிட்டேன்.

அம்மாவுக்குத் தாமுவே சந்தையில் காலைத் தோசைக் கடை. வாடிக்கைக்காரர்களுக்கு அது தொஷே. அம்மாவும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் தொஷே என்றுதான் சொல்வாள், வீட்டுக்கு வந்ததும் அது தோசையாகிவிடும். அப்பா துறைமுகத்தில் சுமை இறக்கும் கிரேன் ஓட்டினார். நான் ஜப்பான் போன பிறகுதான் படுக்கையில் விழுந்து காலமானார். சின்ன வயதில் அம்மாவின் கடையில் உதவப் போனபோதெல்லாம் என் இடது கை அடி வாங்கியிருக்கிறது. "பீச்சக் கையால சட்னி ஊத்தாதே, யார் வாங்குவா?" என்று கரண்டிக் காம்பால் ஒரு தட்டு விழும். பள்ளிக்கூடம் போனால் அங்கே பர்மிய டீச்சர். பெரியவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் வலது கையால் கொடுத்து, இடது கையை முழங்கைக்கு அடியில் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். தமிழரும் பர்மியரும் சண்டை சச்சரவில்லாமல் ஒத்துப்போன ஒரே விஷயம் என் இடது கை ஆகாது என்பதுதான் என்று அந்த வயதில் நம்பியிருந்தேன். எழுத்தும் சாப்பாடும் வலது கைக்குப் போய்விட்டன. எறிவது மட்டும் மாறவில்லை. மாங்காய்க்குக் கல் எறிவதை யாரும் திருத்த வரவில்லை.

பிறகு ஒரு நாள் விளையாட்டு மைதானத்துக்கு ஜப்பானிலிருந்து ஒரு ஸயா வந்தார். இங்கே ஆசிரியர் யாரானாலும் ஸயாதான். இந்த நாட்டுக்குப் பேஸ்பால் சொல்லித்தர வந்த மனிதர் அவர். வரிசையாக நின்ற பையன்களை எறியச் சொன்னார். என் முறை வந்ததும் பழக்கதோஷத்தில், "இடது கை, மன்னிக்கணும்" என்றேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. என் இடது கையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் பெரிய மனிதர் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது, தூசி விழுந்துவிட்டது என்று சமாளித்தேன். அங்கிருந்து நாட்டு அணி, அவர் எழுதிய சிபாரிசு, கடலோரக் கிளப் என்று என் வாழ்க்கை அந்தக் கையின் பின்னாலேயே போனது.

அந்தக் கைதான் கெட்டுப்போனது. போன சீசன் முடியும் தறுவாயில், வழக்கம்போல ஒரே ஒரு ஆளுக்காக என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது பந்தை விடும்போது முழங்கையின் உட்புறத்தில் ஏதோ சுண்டியது. அடுத்த பந்தைப் பிடித்தேன். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பந்தின்மேல் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. எறிந்த பந்து மட்டையாளரின் தலைக்கு மேலே பறந்தது. பயிற்சியாளர் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார்.

கிளப்பில் மரியாதையாகத்தான் சொன்னார்கள். கத்தி வைக்க வேண்டாம், நரம்பு நசுங்கியிருக்கிறது, ஓய்வும் பயிற்சியும் போதும். ஊருக்குப் போய்விட்டு சீசனுக்கு முந்தைய முகாமுக்கு வா. எறிய முடிந்தால் இன்னொரு வருஷத்துக்கு ஒப்பந்தம், முடியாவிட்டால் இத்தனை நாள் உழைத்ததற்கு நன்றி. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு ஆளுக்காக எறிந்து பிழைத்தவனை வேறு எந்தக் கிளப்பும் கூப்பிடப் போவதில்லை.

ரங்கூனுக்கு வந்து ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி இழுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தேறியதும் க்யிம்யிண்டைங்குக்குப் போக ஆரம்பித்தேன். நாட்டு அணியில் நான் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சராக இருந்தவன் அங்கே படகுத்துறைப் பக்கம் பழக்கடை வைத்திருக்கிறான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எங்கள் பேச்செல்லாம் பர்மியத்தில்தான். காலை வியாபாரம் ஓய்ந்ததும் வாழைத்தார் இறக்கும் இடத்தில் எனக்கு எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து பந்து பிடிப்பான். முதலில் பக்கத்தில் நின்று மெதுவாக எறிந்தேன். பிறகு ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் தள்ளிப் போனேன். விரல்களில் உணர்ச்சி சிறுகச் சிறுகத் திரும்பியது. ஆனால் முழு வேகத்தில் ஒரு பந்துகூட எறியவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை.

ஒரு சாயங்காலம் அம்மா உளுந்து கழுவிக்கொண்டே, "கை எப்படி இருக்கு தம்பி?" என்றாள்.

"பரவாயில்லம்மா. விரலெல்லாம் சரியாயிருச்சு."

அம்மா ஈரக் கையோடு கும்பிட்டாள். "அப்ப மாசித் திருவிழாவுக்குச் சட்டி எடுத்துரணும்."

"யாரு?"

"நீதான். இந்தக் கை நல்லாயிட்டா இதே கையில தீச்சட்டி ஏந்தி வருவான்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன்."

தீச்சட்டி என்றால் மண்சட்டி நிறையக் கங்கு. எண்ணெய் விட்டு எரியவிட்டு, அடியில் கொஞ்சம் வேப்பிலையை மட்டும் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வர வேண்டும். திருவிழா முடிந்த கையோடு எனக்கு ஜப்பானில் முகாம். பந்து எறிகிறவனுக்கு விரல் நுனிதான் சோறு. நுனி கொப்பளித்தால் பந்தின் தையல் பிடிபடாது. ஆட்டுக்கு உடம்பு குணமானால் அதையே வெட்டிப் படைக்கிறேன் என்று வேண்டிக்கொள்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"ஆத்தா சுட மாட்டா" என்றாள் அம்மா.

"கங்கு சுடும்மா. ஆத்தாவுக்கு என் கான்ட்ராக்ட் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாதது என்ன இருக்கு?" உளுந்தை வடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அம்மாவிடம் விவாதம் இப்படித்தான் முடியும்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. சட்டி எடுக்காமல் போய், ஜப்பானில் கை மறுபடி மரத்துப்போனால், அதற்குக் காரணம் என்ன என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இருக்காது. வாயைத் திறந்து சொல்ல மாட்டாள், ஆனால் ஆயுசுக்கும் அதை நினைத்து மருகுவாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளூர ஆத்தாவிடம் கொஞ்சம் பயம் இருந்தது. சட்டி எடுத்தால் கை போகும், எடுக்காவிட்டால் அம்மாவின் நிம்மதி போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் சில வாரங்கள் நன்றாகத் தூங்கவில்லை.

கேட்சர் நண்பனிடம் புலம்பினேன். அவன் பௌத்தன், பிரச்சினையை விளையாட்டுக்காரனாகவே பார்த்தான். "என் மிட்டைத் தர்றேன், அதை மாட்டிக்கிட்டுச் சட்டியைப் பிடி" என்றான். கேட்சர் மிட் என்பது பந்து பிடிக்கும் கையுறை, நல்ல கனமான மாட்டுத் தோல். அதை மாட்டிக்கொண்டு அம்மன் முன்னால் நின்றால் கோயில்காரர்கள் என்ன செய்வார்கள் என்று விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காப்புக் கட்டும் நாள் வந்தது. விரதம் தொடங்குவதற்கு அடையாளமாக மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். கட்டிவிட்டால் பின்வாங்க முடியாது. கோயிலுக்குப் போக, தன்லியின் என்ற ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறிப் பாகோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினோம். ஆலைகளுக்குப் போகும் பெண்கள் கூட்டம் நெருக்கியடித்தது. நான் இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். கிளப்பில் பழக்கிவிட்டது அது, கூட்டத்தில் கையை யாரும் இடிக்கக் கூடாது.

கோயில் தன்லியினுக்கு அப்பால் வயலை ஒட்டி இருந்தது. பூசாரி என்னைவிட இளையவர். பர்மியப் பள்ளியில் படித்தவர். அம்மன் பாட்டு சுத்தத் தமிழில் வரும், சாதாரணப் பேச்சில் பர்மியம் கலந்துவிடும். என்னை அக்கோ என்று கூப்பிட்டார், பர்மியத்தில் அண்ணன். மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு, "அக்கோ, கையை நீட்டுங்க" என்றார். நான் வலது கையை நீட்டினேன்.

"அந்தக் கையில்ல சாமி" என்றாள் அம்மா. "இடது கையில கட்டுங்க. சட்டி எடுக்கப்போறது இடது கைதான்."

பூசாரி கயிற்றைக் கீழே வைத்தார். "ஆம்பிளைக்கு வலது கையிலதாம்மா காப்பு. சட்டியும் ரெண்டு கையில ஏந்துவாங்க, ரொம்பப் பழகினவங்க வலது கையில ஏந்துவாங்க. இடது கையில மட்டும் அம்மனுக்கு நெருப்பு ஏந்தற வழக்கம் நம்மகிட்ட கிடையாது. அது ஆகாது."

அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? பிறந்ததிலிருந்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கூனிக் குறுகியிருக்கிறேன். இப்போது அதே வார்த்தை என் விரல்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஆகாது என்றால் ஆகாதுதான், நல்லது, வீட்டுக்குப் போகலாம். பூசாரியின் காலில் விழலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆனால் அம்மா விடவில்லை. "ஏன் ஆகாது?" என்றாள்.

"இடது கைம்மா அது."

"எனக்குக் காப்பு எந்தக் கையில கட்டுவீங்க?"

"பொம்பளைங்களுக்கு இடது கையிலதான்."

"என் இடது கை அம்மனுக்கு ஆகும், நான் பெத்த பிள்ளையோட இடது கை ஆகாதா?"

அம்மாவின் குரல் ஏறியது. "சாமி, இந்தக் கைதான் எங்க வீட்டுக்குச் சோறு போடுது. இதுதான் கடல் தாண்டிப் போயி சம்பாதிச்சுது. இவங்கப்பா படுக்கையில கெடந்தப்ப மருந்து வாங்கினது இந்தக் கைக் காசுலதான். குணமாகணும்னு நான் கேட்டது இந்தக் கைக்காகத்தான். கேக்கறப்ப கேட்டுட்டு, குடுக்கறப்ப இது மட்டம்னு வேற கையை நீட்டினா அவ என்ன நெனைப்பா?"

கரண்டிக் காம்பால் என் இடது கையைத் தட்டிய அதே அம்மாதான் பேசினாள். அம்மா பேச்சில் ஜெயித்துக்கொண்டிருந்தாள். அவள் ஜெயித்தால் கங்கு என் உள்ளங்கையில். போதும்மா, விட்டுடு என்று கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டாள்.

பூசாரி அம்மனைத் திரும்பிப் பார்த்தார், வெளியே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது போலும். வந்து உட்கார்ந்து அம்மாவிடம், "காலையில பொங்ஜி உங்க கடைப் பக்கம் வருவாரா?" என்று கேட்டார். பொங்ஜி என்றால் புத்த பிக்கு. பிச்சைப் பாத்திரத்தோடு வரிசையாக வருவார்கள், அம்மாவும் தினம் ஏதாவது இடுவாள்.

"வருவாரு."

"எப்படிக் குடுப்பீங்க? செஞ்சு காட்டுங்க."

அம்மா வலது கையை நீட்டினாள். யோசிக்காமலே இடது கை போய் முழங்கைக்கு அடியில் நின்றது.

"அந்தக் கை எதுக்கு அங்க?"

"மரியாதைக்கு. ரெண்டு கையாலயும் குடுத்த மாதிரி."

"அவ்வளவுதான்" என்றார் பூசாரி. "சட்டியை நீங்க ஏந்துங்க. உங்க முழங்கைக்கு அடியில அக்கோவோட இடது கை. சட்டியை இறக்கற வரைக்கும் எடுக்கக் கூடாது. ரெண்டு பேரும் சேர்ந்து குடுத்த மாதிரி. அம்மனும் இந்த ஊர்ல ரொம்பக் காலமா இருக்கா, அவளுக்குப் புரியும்." பிறகு என்னைப் பார்த்து, "யபாதெ, அக்கோ" என்று சிரித்தார். பரவாயில்லை, ஒன்றும் ஆகாது என்று அர்த்தம். என் முகத்தில் இருந்த பயத்தை அவர் ஆரம்பத்திலேயே பார்த்திருக்க வேண்டும்.

அம்மா இடது கையை அவரிடம் நீட்டினாள். அவளுக்குக் காப்புக் கட்டிவிட்டு எனக்கும் கட்டினார். எனக்கு வலது மணிக்கட்டில்தான்.

திருவிழாவன்று மேளம் காதைப் பிளந்தது. மஞ்சள் புடவையில் அம்மா சட்டியை வாங்கினாள். நான் அவளுக்கு வலப்புறம் நின்று, இடது உள்ளங்கையை அவள் முழங்கைக்கு அடியில் கொடுத்தேன். அனல் முகத்தில் அடித்தது. தோசைக் கல்லோடு வாழ்ந்தவள்தானே, தாங்கிவிடுவாள் என்று நினைத்தேன். முதல் சுற்று அப்படித்தான் போனது. இரண்டாவது சுற்றில் அவள் கை தாழ ஆரம்பித்தது. மூன்றாவது சுற்றில் சட்டியின் பாரமும் அவள் கையின் பாரமும் என் கையில் இறங்கிவிட்டன. சட்டி சாய்ந்தால் அம்மாவின் நெஞ்சில்தான் கொட்டும். எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை, முகாம், ஒப்பந்தம், தையல், எதுவும். முழு பலத்தோடு தாங்கினேன். அம்மா உதடு அசையாமல், "வலிக்குதா?" என்றாள். நெருப்பைக் கையில் வைத்திருப்பவள் அவள், என்னைக் கேட்கிறாள். இல்லை என்றேன். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று தெரிந்தது. முழங்கை சுண்டவில்லை. அம்மாவின் முழங்கை எலும்பு, வியர்வை, ஒட்டியிருந்த வேப்பிலை, எல்லாமே சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் துல்லியமாகத் தெரிந்தன.

சட்டியை இறக்கியதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். யாரோ கொடுத்த மோரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். அம்மாவின் உள்ளங்கை சிவந்திருந்தது, கொப்பளிக்கவில்லை. சுட மாட்டா என்று சொன்னேனே என்பதுபோல என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பாரம் இறங்கிய மாதிரி அதற்கு முன் எனக்கு இருந்ததில்லை.

முகாமில் முதல் நாள் காலையிலேயே என்னை எறியச் சொல்லிச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். குளிராக இருந்தது. பயிற்சியாளர் வலைக்குப் பின்னால் நின்றார், இளம் இடது கை மட்டையாளர் ஒருவர் வந்து நின்றார். முதல் பந்தை அடக்கி எறிந்தேன். இரண்டாவது பந்தில் பயத்தை விட்டுவிட்டேன். பந்து அவர் முதுகுப் பக்கமிருந்து வந்து விலகிக் கேட்சரின் மிட்டுக்குள் போய் விழுந்தது. அந்தச் சத்தத்தை நான் எவ்வளவு காலமாகக் கேட்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் எறியச் சொன்னார்கள், எறிந்தேன். பயிற்சியாளர் நடந்து வந்தார். பந்தை வாங்கத்தான் வருகிறார் என்று கையை நீட்டினேன். அவர் பந்தை வாங்காமல் என் தோளைத் தட்டி, ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போடு என்றார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். தாமுவேயில் அது காலைக் கடை நேரம். சந்தை இரைச்சலுக்கு நடுவில், "எறிஞ்சிட்டேம்மா" என்றேன்.

"வலிச்சுதா?" என்றாள்.

"இல்ல."

"விரல்?"

"நல்லா இருக்கும்மா. எல்லா விரலும்."

கல்லில் மாவு விழும் சத்தமும், அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தமும் கேட்டன. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி தம்பி, கூட்டம் நிக்குது, வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஒப்பந்தம் கிடைத்ததா என்று அவள் கேட்கவே இல்லை.